பின்னால ஆளு உண்டா?

போன திங்கக்கிழமை தறி வேலைக்கு வார வழியில பைக்கு பின் டயரு பஞ்சர். சங்கரன்கோவிலுக்குள்ள நுழையிற இடத்துல ஒரு பஞ்சர் கடை. அங்கன தள்ளிட்டுப் போனேன்.

கடைக்கார அண்ணாச்சி டயரைச் சுத்திவிட்டுப் பாத்தாரு. சின்ன ஆணிதான். ஆனா மூஞ்சியைச் சுளிச்சாரு.

“டயரு மேல உள்ள பட்டனெல்லாம் தேஞ்சி மொட்டையாயிட்டுல்லா வே. ஒட்டுப் போடவா, டயரையே மாத்தவா?”

எனக்கு என்ன தெரியும்? “நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி”ன்னேன்.

“நீரு ஒத்த ஆளாப் போனா ஒட்டுப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். பின்னால ஆளை ஏத்துனா தாங்காது, மாத்திரணும். பின்னால ஆளு உண்டா?”

சாதாரணக் கேள்விதான்.

ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் உண்டு. எங்க அக்கா. வாராவாரம் நான் எழுதுற இந்தப் பத்திரிகைப் பக்கத்துல அவளை எத்தனை வாரம் கிண்டல் பண்ணிருக்கேன்! இங்கன சங்கரன்கோவில்ல ஒரு ஜவுளிக்கடையில வேலை பாத்தா. மேலநீலிதநல்லூர்ல இருந்து தினமும் என் வண்டியிலதான் வருவா. வழி முழுக்க ஏச்சு.

“ஏலே, பள்ளம்! வண்டி ஓட்டுதியா, உழுதியா?”

“அப்பம் பஸ்ல வாக்கா”ம்பேன்.

“பஸ்ல வந்தா யாரை ஏசுறது?”ம்பா.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். திரும்பி வரல.

இப்பவும் காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, காலை ஊணிக்கிட்டு நிக்கேன் — அவ ஏறட்டும்னு. உங்கள்ல யாருக்காவது இப்படி உண்டா? அக்கா இல்லங்கிறது எனக்குத் தெரியும். என் காலுக்கு யாரு போய்ச் சொல்றது?

அண்ணாச்சி ஸ்பேனரும் கையுமா நிக்காரு. “என்னவே, டயரைப் பத்திக் கேட்டா, பொண்ணு பாக்க வந்தவன் மாரி முழிக்கீரு?”

இல்லைன்னு சொல்லணும். அதான் நெசம். ஆனா இதுவரைக்கும் அதை நான் யார்கிட்டயும் வாயால சொன்னதில்ல. ஒரு பஞ்சர் கடையில வச்சா முதல் முதல்ல சொல்றது?

“உண்டு அண்ணாச்சி. எங்க அக்கா வருவா.”

“அப்பம் மாத்திருவோம். பொம்பளப் பிள்ளையை வச்சிட்டு ரிஸ்க் எடுக்கக் கூடாதுல்லா”ன்னு கழட்ட ஆரம்பிச்சிட்டாரு.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தா, அம்மா டயரைப் பாத்துட்டு, “பஞ்சருக்கு எதுக்குல புது டயரு?”ன்னா.

“பின்னால ஆளு உக்காந்தா பழசு தாங்காதாம்மா.”

அம்மா என்னையவே பாத்தா. உள்ள போய்ச் சோத்தைப் போட்டா.

நான் சொன்னது பொய்யா? அண்ணாச்சியை ஏமாத்துனேனா, என்னையவே ஏமாத்துதேனா? அம்மாகிட்ட அப்படிச் சொன்னது தப்போ? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்… ஒண்ணும் பிடிபடல.

மறுநாள் காலையில வேலைக்கு வரும்போது வழக்கமான பள்ளம் வந்துச்சு. வேணும்னே அதுக்குள்ள விட்டேன்.

டயருக்கு ஒண்ணும் ஆகல. ஏசத்தான் ஆளில்ல.