முட்டையில்லாமல் உப்பிய கேக்

பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனால் அதே அளவு சமையல் சோடாவைப் போட்டுவிடலாம் என்று நம்பிய மடையன் நான். இரண்டும் வெள்ளைதானே! முட்டை போடாத அந்தக் கேக் என்னவோ என் தொப்பையைப் போல் நன்றாகவே உப்பியது.

விரதக்காரருக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று, மலேசியாவின் ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் காவலாளியிடம் அதைக் கொண்டுபோனேன். நரைத்த மீசை, நெற்றி நிறைய விபூதி. எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார். நோயில் விழுந்த மகள் பிழைத்ததற்காகத் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தார். முட்டை வாயில் பட்டால் விரதம் போச்சு.

கேக்கை இரண்டு பக்கமும் முகர்ந்தார்.

“முட்டை இல்லாம இவ்ளோ எழும்புமா, தம்பி?”

“சோடா போட்டேண்ணே. முருகன் மேல சத்தியம்!”

“சாமிய ஏன் இழுக்கறீங்க? நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, பாப்போம்.”

கடித்தேன். துணி சோப்பைத் தின்றதுபோல் இருந்தது. அவர் பார்வை என் தொண்டையை விட்டு நகரவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டுச் சிரித்தேன்.

“அலமாக், பிரமாதம்ணே!” என்று மலாய்க்காரரைப் போல் வியந்து காட்டினேன்.

அவர் சந்தேகப்பட்டது முட்டையையா, என்னையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேக்கை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“அப்ப முழுசையும் நீங்களே சாப்பிடுங்க.”