இரண்டு ஆலைக்கு ஒரு கரும்பு

பி.எஸ்சி. கடைசி வருஷத்தில் எங்கள் தாவரவியல் வகுப்பைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார்கள். கல்விச் சுற்றுலா என்று அதற்குப் பெயர். வண்டி வளைவுகளில் ஏற ஏற வகுப்பில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்கள். வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் இறக்கிவிட்டதும், நான் கண்ணில் பட்ட செடியெல்லாம் ஒடித்துக்கொண்டுபோய் எங்கள் விரிவுரையாளரிடம் நீட்டினேன்.

"இது இன்னா செடி சார்?"

"காட்டுச் செடிம்மா."

"இது?"

"அதுவும் காட்டுச் செடிதான்."

கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தார். மூன்று வருஷம் தாவரவியல் படித்து, பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய மலையில் நிற்கும் செடிக்குப் பெயர் தெரியாது என்றால் இவர்கள் எதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஓடைக்கரையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செடிகளை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாடிப்போன என் செடிக்கட்டை அவளிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கீழே வைத்தாள். ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியல. டிபார்ட்மெண்ட்ல போய்ப் பாக்கணும். இந்த மலையில அந்தக் காலத்துலயே எடுத்த செடிங்க அலமாரி அலமாரியா இருக்கு, பேரோட" என்றாள்.

எங்கள் ஊர்ச் செடிகளின் பெயரெல்லாம் சென்னையில் அலமாரியில் இருக்கிறதாம். எம்.எஸ்சி. படித்தால் அங்கேதான் படிப்பது என்று மலையிலிருந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்ன மறுநாளே ஆளாளுக்குப் பல்கலைக்கழகங்களை எடைபோட ஆரம்பித்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அரசுப் பேருந்தில் கண்டக்டர். கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடுகிற வண்டி. அவர் கணக்கில் பல்கலைக்கழகம் என்பது பஸ் நிற்கிற இடம்.

"சேலத்துல படிக்கட்டும்க்கா. நம்ம வண்டியில ஏத்தி வுட்டா ஒரே பஸ்ஸு. மெட்ராஸுன்னா எறங்கி ஏறி, எறங்கி ஏறி, எவன் பாத்துக்கினு இருப்பான்?"

"அங்க பாடம் நல்லா நடத்துவாங்களா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வியை அவளாவது கேட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

"பாடம் எங்க நடத்தினாலும் பாடந்தாங்க்கா" என்றார் மாமா. அம்மாவும் தலையாட்டிவிட்டாள்.

சிதம்பரத்தைச் சொன்னவர்கள் கோயிலைச் சொன்னார்கள். புதுச்சேரியைச் சொன்னவர்கள் சொல்லிவிட்டு, ஐயோ அது சாராயம் விற்கிற ஊர், பெண் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்களே அடித்துவிட்டார்கள். ஆசிரியர்கள் யார், ஆய்வகம் எப்படி, மலைக்குக் கூட்டிப்போவார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எல்லாப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் ஒரே படம்: மரத்தடியில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று பெண்கள் சிரிப்பார்கள். படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். சிரிப்பு வரைக்கும் வந்ததும் கரண்ட் போய்விடும். தாவரவியல் துறையைத் திறந்து பார்க்கிற வரைக்கும் கரண்ட் இருந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அன்று அந்தப் பக்கத்தில் 'விரைவில்' என்று போட்டிருந்தது.

ஆகக் கடைசியில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஒன்று சென்னை, எனக்காக. இன்னொன்று சேலம், வீட்டுக்காக. இரண்டிலும் தொடர்புக்கு அப்பாவின் செல்போன் எண்ணைக் கொடுத்தேன். வீட்டில் இருந்த ஒரே போன் அதுதான். சேலம் சும்மா ஒரு கைக்காவலுக்குத்தான், சென்னை வந்தால் சேலத்தை விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கும் நான் எதை ஆசைப்படுகிறேன் என்று நன்றாகத் தெரியும்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊரில் அவர் கரும்பு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் கரும்பு வைப்பவர்கள் நட்டதும் சர்க்கரை ஆலையில் பதிவு போட்டுவிட வேண்டும். ஆலையின் பீல்டுமேன் வந்து வயலைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அதற்கப்புறம் அந்தக் கரும்பு அந்த ஆலைக்கு. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்கிற அன்றைக்குத்தான் வெட்டலாம், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். நடுவில் வேறு ஆலையின் ஆள் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து, எங்களுக்குக் கொடுங்கள், நாளைக்கே வெட்டிக்கொள்கிறோம் என்று ஆசை காட்டுவான். பக்கத்து வயல்காரர் ஒருமுறை மயங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் பீல்டுமேன் அவர் வயல் பக்கமே திரும்பவில்லை. எந்த ஆலையும் ஏற்காமல் அவர் கரும்பு நின்ற இடத்திலேயே பூவெடுத்துக் காய்ந்தது. கடைசியில் கொளுத்தினார். அந்தப் புகை எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்பா அதை மறக்கவே இல்லை. ஆசை காட்ட வருகிற ஆட்களை அவர் வரப்பிலேயே நிறுத்தி, "பதிஞ்சாச்சு, போய்க்கினே இரு" என்று அனுப்பிவிடுவார். ஊரில் அவருக்கு இருந்த பெயரே அதுதான்.

சேலத்தில் முதலில் தேர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அப்பாவே கூட வந்து, மாமாவின் வண்டியில் போய், என்னைச் சேர்த்துவிட்டு வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். சென்னையிலிருந்து வருகிற வரைக்கும்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சென்னையிலிருந்து வரவில்லை. வகுப்பு தொடங்குகிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. பொறுக்கமாட்டாமல் அப்பாவின் போனை வாங்கித் துறைக்கு நானே போட்டேன். எடுத்த அம்மாள் என் பெயரைக் கேட்டு, தேடி, "செலக்ட் ஆயிருந்தீங்களேம்மா. நாங்க போன் பண்ணோம். வேற எடத்துல சேந்தாச்சு, வேணாம்னு உங்க அப்பா சொல்லிட்டாரே" என்றார்.

அப்பா அப்போது மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். போனைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன்.

"மெட்ராஸுலருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சே. போன வாரம்."

"நீ இன்னா சொன்ன?"

"பதிஞ்சாச்சுன்னு சொன்னேன்." அரிவாளை நிறுத்தாமலே சொன்னார். "நாம சேலத்துல சேந்துட்டோம்னு சொன்னப்புறமும் கூப்டறாங்க பாரு. இங்க வாங்க, எடம் இருக்குதுன்னு. ஆலைக்காரன் ஆளு அனுப்பற மாதிரிதான். படிச்சவங்களும் அப்டித்தான் இருக்காங்க."

நான் கத்தினேன். "நான் ஆசப்பட்டது அதத்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆச இருக்கத்தான் இருக்கும். ஒரு எடத்துல ஒத்துக்கினோமே. ரெண்டு ஆலைக்கு ஒரு கரும்ப எப்டி அனுப்பறது? நாளைக்கி ரெண்டு பேரும் பட்டியல்லருந்து பேர எடுத்துட்டாங்கன்னா உன் படிப்பு இன்னா ஆவறது?"

"நான் கரும்பு இல்லப்பா."

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து நடுவில் நின்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. என் படிப்பைக் கெடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு கெடுத்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறவரை என்ன செய்வது? அந்த ஆத்திரத்துக்குப் போக்கிடமே இல்லை.

மறுநாள் காலையில் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கெளம்பு. நான் வந்து சொல்றேன்" என்றார். சென்னை பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டையில் எனக்கு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே குடித்தார்.

துறை அலுவலகத்தில் போனில் பேசிய அதே அம்மாள் இருந்தார். உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"தப்பு எம்மேலதாங்க மேடம். புள்ள மேல இல்ல. வேற எடத்துல பதிஞ்சாச்சுன்னு நான்தாங்க சொன்னது."

அந்த அம்மாள் பட்டியலைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "அந்த எடத்த வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்து இருந்த பொண்ணுக்குக் குடுத்துட்டோம்ங்க. நேத்து சாயந்திரந்தான் வந்து சேந்துது."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுங்க. நீங்க சேலத்துல சேந்திருந்தாலும் பரவால்ல, இங்க வந்திருக்கலாமே. எல்லாரும் நாலஞ்சு எடத்துல போடுவாங்க. கெடச்சதுல நல்லதப் பாத்து எடுத்துக்கினு மிச்சத்த விட்டுடுவாங்க."

அப்பா மேசைக்கு ஓர் அடி கிட்டே வந்தார். "விட்டவங்க மேல நடவடிக்க ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அடுத்த வருசம் பேர எடுத்துட மாட்டாங்க?"

"எதுக்குங்க எடுக்கப் போறாங்க? எல்லாரும் அப்படித்தான்."

வெளியே வந்தோம். தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை திறந்திருந்தது. உள்ளே இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிட்டே போகவில்லை. போயிருந்தால் அழுதிருப்பேன், அங்கே நின்று அழ எனக்கு இஷ்டமில்லை. அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, சுவரில் மாட்டியிருந்த நேரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில்தான் நான் பேசினேன். விழுப்புரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். விவசாயம் வேறு படிப்பு வேறு, தெரியாவிட்டால் கேட்க வேண்டும், உனக்கு எல்லாமே ஆலையும் கட்டிங் ஆர்டரும்தானா என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சேலத்துக்கே போய் விடுதியில் தங்கிப் படித்தேன். மாமா சொன்னபடி ஒரே பஸ்தான். அங்கே பாடம் நடத்தியவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் மலைச் செடிகளைப் பற்றிக் கேட்டால் வகைப்பாட்டியல் எங்கள் துறை அல்ல என்றார்கள். அவர்கள் துறை பயிர் நோய். முதல் பருவத்தின் செய்முறைக்கு ஆளுக்கு ஒரு நோய் கொடுத்தார்கள். எந்த ஊர் என்று என்னைக் கேட்டார் பேராசிரியர். சொன்னேன். "அப்படியா? கரும்பு ஊராச்சே. நீ கரும்புச் செவ்வழுகல் பண்ணிடு. நோய் விழுந்த கரும்பு நாலஞ்சு கொண்டு வா" என்றார். மலையைக் கேட்டுப் போனவளுக்குக் கரும்பைக் கொடுத்தனுப்பினார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவிடம் போனில், வருகிறேன், கரும்பு வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேராக வயலுக்குப் போனேன். வயல் வெட்டவெளியாகக் கிடந்தது. கட்டைகளுக்கு நடுவே காய்ந்த கரும்புச் சோகையைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார் அப்பா.

"இன்னாப்பா, கட்டிங் ஆர்டர் வந்துடுச்சா?"

"வரல."

"அப்புறம்?"

"வெல்லம் காய்ச்சற கொட்டாய்க்கு அனுப்பிட்டேன். மூணு வண்டி."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "பதிவுக் கரும்பாச்சே. பீல்டுமேன் பேர எடுத்துடுவாரே."

அப்பா கோலால் நெருப்பைத் தள்ளிவிட்டார். "எல்லாரும் அப்டித்தானாமே" என்றார்.

கேலியாகவோ கோபமாகவோ அவர் அதைச் சொல்லவில்லை. சென்னையில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னார். என் இடமும் போய், ஊரில் அவருக்கு இருந்த பெயரும் போயிருக்க வேண்டாம் என்று எனக்கு இருந்தது.

அவர் வாய்க்கால் ஓரத்தைக் கைகாட்டினார். வெட்டிய வயலில் அந்த மூலையில் மட்டும் ஒரு குத்துக் கரும்பு நின்றது. "படிப்புக்கு வேணும்னியே, உனக்குன்னு விட்டு வெச்சேன். எது நல்லதோ பாத்து எடுத்துக்க" என்றார்.

எனக்கு வேண்டியது நோய் விழுந்த கரும்பு. செவ்வழுகல் என்றால் பிளந்ததும் உள்ளே சிவந்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். அரிவாளை வாங்கி ஒன்றைச் சாய்த்துப் பிளந்தேன். வெள்ளையாக இருந்தது. இன்னொன்றைப் பிளந்தேன். அப்பா புகைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குத்து முழுவதையும் பிளந்து பார்த்துவிட்டேன். எல்லாம் நல்ல கரும்பு.