சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட மூச்சு

இங்கே குளிர்காலக் காலையில் வாயைத் திறந்தால் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து நிற்கும். கீழே சொந்த ஊரான கோபியில் நாற்பது வருஷம் மூச்சு விட்டிருக்கிறேன், ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கணவர் இறந்த பிறகு குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆயா வேலை கிடைத்து வந்தேன். வந்த புதிதில் சின்னப் பிள்ளை மாதிரி ஊதி ஊதிப் பார்ப்பேன். அந்த மூச்சு தூக்கத்தில் நின்று நின்று வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறையை இங்கே பிள்ளைக்காம்பரா என்கிறார்கள். தொட்டில் ஆட்டுவதும் பால் காய்ச்சுவதும் என் வேலை. எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வேலை போனால் மலையிலும் எனக்கு இடமில்லை. ஆனால் எழும்போதே தலை கனக்கும், நாக்கு உலர்ந்திருக்கும். எத்தனை நேரம் படுத்தாலும் படுக்காதவள் போலவே இருப்பேன். ஒரு மத்தியானம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. பால் கொடுக்க வந்த ஒரு தாய்தான் ஓடிவந்து கேஸை மூடினாள். தொட்டிலில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. "இன்னொரு தடவ இப்படின்னா வேற ஆளத்தான் போடணும்" என்றார் மேற்பார்வையாளர். கீழ்நாட்டு உடம்புக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் மற்றவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். அடுத்த வீட்டில் செல்லம்மாக்கா. சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். ராத்திரியில் அடிக்கடி சுவரைத் தட்டுவார். நான் திடுக்கிட்டு விழிப்பேன். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினால் அது சண்டை. பொம்பளை குறட்டை விடுகிறாளே என்றுதான் தட்டுகிறார் என்று கூசிப்போனேன். ஒன்றும் கேட்காமல் கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டேன். யாரிடமோ சொல்லித் தூக்க மாத்திரையும் வாங்கி விழுங்கினேன். பகல் மயக்கம் இன்னும் கூடியது.

ஒரு காலை தண்ணீர்க் குழாயடியில் செல்லம்மாக்கா பிடித்துக்கொண்டார்.

"என்னா புள்ள, கட்டில நகத்திட்டியா? ஒன்னும் சரியாக் கேக்கலியே."

"உங்களுக்குத் தொந்தரவுன்னுதானுங்கக்கா..."

"அடி கூறுகெட்டவளே! நீ கொறட்ட விட்டா எனக்கு ரேடியோ மாதிரி. நல்லாத் தூங்குவேன். அது பட்டுனு நின்னுபோவும் பாரு, அப்பதான் படுத்திருக்க ஏலாது. மூச்சக் காணமேன்னு தட்டுறேன், நீ என்னடான்னா ஓடி ஒளியிற!"

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அவரே கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார். டாக்டர் முன்னால் தலைவலி என்று மட்டும் சொன்னேன். ஆம்பளை டாக்டரிடம் குறட்டை என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அவர் தலைவலிக்கு எழுதத் தொடங்கினார். "இவ சொல்ல மாட்டாய்யா" என்றார் செல்லம்மாக்கா. "தூக்கத்துல மூச்சு நிக்கிது. பொறவு தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி இழுக்குறா." டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

ஒரு ராத்திரி ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைத்துக்கொள்கிறதாம். மூச்சுக்காக உடம்பு திரும்பத் திரும்ப விழிக்கிறது, அது நமக்கே தெரிவதில்லை. அதனால்தான் பகலெல்லாம் தூக்கம். குளிர் காரணமில்லை, கோபியிலேயே இருந்திருக்கும் என்றார் டாக்டர். தூக்க மாத்திரை தசையை இன்னும் தளர்த்திவிடும் என்று நிறுத்தச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்கவும், எடையைக் குறைக்கவும் சொன்னார். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள் என்றார். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கும், என்னைப்போல் மலையேறி வந்தவர்களுக்கும் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

கோபியிலிருக்கும் அண்ணன் உதவியில் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம் வாங்கினேன். முகமூடி போட்ட முதல் நாட்களில், ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியது போல இருந்தது. போகப்போகத் தலைக்கனம் விட்டது. பிள்ளைக்காம்பராவில் தொட்டில் கயிறு கையைவிட்டு நழுவவில்லை. மழைக்காலத்தில் கரண்டு போகும்போது மட்டும் பழைய பயம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். "இப்ப ஒரு சத்தமும் இல்ல, எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது" என்று செல்லம்மாக்கா குறைபட்டார். அதனால் கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். விழித்ததும் நான் சுவரை ஒருமுறை தட்டுவேன். அவர் திருப்பித் தட்டுவார்.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இயந்திரத்தோடு கோபிக்குப் போனேன். அண்ணனின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, நம்மூரு காத்து உனக்குப் பத்தலையா? மலைக்குப் போயிச் சீக்கு வாங்கிட்டு வந்துட்டியே" என்றார். இது இங்கிருந்து என்னோடு மலையேறிய சீக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். பிளக் இருந்தது அரிசி மூட்டை அறையில். நான் அங்கே படுத்தேன்.

விடியலில் விழிப்பு வந்தது. கம்பளி இல்லை, பனி இல்லை. கை தன்பாட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டியது. அந்தப்பக்கம் தென்னந்தோப்புதான். அது தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"யாருங்க அங்க?" கூடத்திலிருந்து அண்ணனின் மனைவி குரல் கொடுத்தார்.

முகமூடியைக் கழற்றி, "நான்தானுங்க" என்றேன். கையை மட்டும் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.