அத்திம்பேரின் இமைகள்

என் அத்திம்பேரை, அதாவது அக்காவின் கணவர் நாகேஸ்வரனைத் தெருவில் எல்லோரும் தூங்குமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே. பிறவியிலேயே அவருக்கு மேலிமைகள் தொங்கிக் கிடந்தன. வலது கண் பாதி திறந்திருக்கும். இடது கண் அநேகமாக மூடியே இருக்கும். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் மோவாயைத் தூக்கி, புருவத்தை நெற்றியில் ஏற்றுவார். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்பார்கள்.

திருவனந்தபுரம் அஞ்சலாபீஸில் அவருக்குக் கடிதம் பிரிக்கிற வேலை. ஒருநாள் ஆரியசாலை கொப்பரை வியாபாரி ஐயப்பன் வந்து, இவர் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு மேஜையை ஓங்கித் தட்டினாராம். "உங்க கவர்லே ஸ்டாம்பு ஒட்டலை, கேட்டேளா" என்றாராம் இவர், அசையாமல்.

அவருடைய உலகம் தரையை ஒட்டியது. ஆளைச் செருப்பை வைத்து அடையாளம் சொல்வார். மழை விட்டதும் கோட்டைக்குள் தெருவில் தேங்கிய தண்ணீரருகே நின்றுவிடுவார். அதில் கோபுரம் தலைகீழாகக் கிடக்கும்.

"நிமிர்ந்து பார்த்தா கழுத்து நோகறது, சேஷா. இதிலே பார்த்தா சுகமா இருக்கு."

கிறுக்கு என்று நினைத்துக்கொண்டே நானும் பக்கத்தில் நிற்பேன். தண்ணீருக்குள் புறாக்கள் எங்கோ ஆழத்தை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்பதே எனக்கு மறந்துபோகும்.

அப்போது எனக்கு ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அக்கா பாகீரதி வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அவர்களுக்கு ஒரே பெண், ஜெயலக்ஷ்மி. நாலு வயது முடிந்திருந்தது. அப்பாவின் இமைகளை அப்படியே கொண்டு வந்திருந்தாள். இடது கண் அவளுக்கும் மூடித்தான் இருந்தது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்றில், அதாவது இங்கிலீஷ் 1938-இல், குழந்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்கா வரவில்லை. டாக்டர் சத்தியநேசன் நாகர்கோவில் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். குழந்தையின் இமையை விரலால் உயர்த்தி விளக்கைக் காட்டினார். பிறகு அத்திம்பேரின் இடது இமையையும் உயர்த்தி, வலது கண்ணைப் பொத்தினார்.

"சாமிக்கு இந்தக் கண்ணு தெரியாது இல்லியா?"

அத்திம்பேர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"கண்ணிலே கோளாறு ஒண்ணும் இல்லை. சின்னதிலேருந்து மூடிக் கிடந்ததாலே பார்க்கப் படிக்கலை, பழகலை. இனி இமையைத் தூக்கினாலும் பார்வை வராது. குழந்தைக்கு இப்ப தூக்கித் தைச்சா கண்ணு பிழைக்கும். ரெண்டு வருஷம் போச்சுன்னா அதுவும் இப்படித்தான்."

வெளியே வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பெண் பார்க்க வந்தபோது, "இமைதான் கொஞ்சம் கனம், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை" என்று எங்கள் அப்பாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் இவர். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உங்க அப்பா பொண்ணைக் கொடுத்திருப்பாரா?" என்றார்.

அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். அவருக்குத் துணிவில்லை. அவளோ கத்தி என்றதும் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். "உங்களுக்கும் இமை இப்படித்தானே? ரெண்டு கண்ணும் நன்னாத் தெரியறதோல்லியோ? அவளுக்கும் தெரியும். எனக்குப் பேடியா இருக்கு, பயமா இருக்கு. வேண்டாம்." அவர் சொன்ன பொய்யே குழந்தைக்கு எதிராக வந்து நின்றது. 

உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக அவர் ஒரு காரியம் செய்தார். முதலில் தனக்கே ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தால் அவள் சம்மதிப்பாள் என்பது அவர் கணக்கு. மரத்துப்போக மருந்து போட்டு, விழித்திருக்கும்போதே இரண்டு இமைகளின் தசையையும் குறுக்கித் தைத்தார்கள். "குளத்துக்குள்ளே முங்கிண்டு, கரையிலே நடக்கறவாளைப் பார்க்கற மாதிரி இருந்தது, சேஷா. எல்லாம் நிழல். எல்லாம் ஆடறது" என்றார்.

கட்டுப் பிரித்த அன்று வண்டி வேண்டாம் என்று நடந்தே வந்தார். அந்த நடையை நான் மறக்கமாட்டேன். மரங்களுக்கு உச்சி இருப்பதை அன்றுதான் கண்டவர்போல் நின்று நின்று பார்த்தார். ஓட்டுக்கூரைகளுக்கு மேலே ஒற்றை மேகம் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே இவரும் நடந்தார். எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் மோதினார். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ஜனங்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்க, இவர் ஆகாசத்தைப் பார்த்து நின்றார்.

"இத்தனை இருந்திருக்கு, சேஷா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் இருந்த கோபமும் போகவில்லை.

இரண்டு நாள் அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு. சாப்பிட்டபின் அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். ஜெயா அவர் மடியில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா வந்து கூப்பிட்டாள், பதில் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு கண்ணும் திறந்து, வெள்ளை விழி தெரிகிறது. அக்கா போட்ட அலறலில் தெருவே திரண்டு வந்துவிட்டது.

"என்ன, காப்பி ஆயாச்சா?" என்று எழுந்தார் அவர்.

தைத்த இமை தூக்கத்தில் முழுசாக மூடாது, களிம்பு போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இவர் வீட்டில் சொல்லவே மறந்திருந்தார். விழித்திருக்கும்போது தூங்குகிறார் என்றார்கள். இப்போது தூங்கும்போது செத்துப்போனார் என்று ஊரைக் கூட்டியாயிற்று. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"மதி, போதும். என் குழந்தையை இப்படிப் பார்க்க என்னாலே முடியாது. இனி ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம்."

 வந்த கூட்டம் கலைந்துபோயிற்று. பிறகு அத்திம்பேர், "பாகீ, என் வலது கண்ணைப் பொத்து" என்றார்.

அவள் பொத்தினாள்.

"நான் தெரியறேனா?" என்று அவளே கேட்டாள், ஏதோ புரிந்ததுபோல.

"வெளிச்சம் தெரியறது. நீ தெரியலை. எப்பவுமே தெரிஞ்சதில்லை. சின்னதிலே யாரும் இமையைத் தூக்கலை, கண் கெட்டுப்போச்சு. உங்காத்துலே மறைச்சேன். ஜெயாவுக்கும் அப்படி ஆயிடும்."

அவள் கையை எடுக்க மறந்து நின்றாள்.

"பன்னிரண்டு வருஷமா உங்க இடது பக்கத்திலேதானே உக்காந்திண்டிருந்தேன்" என்றாள்.  உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, குழந்தைக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து, "சேஷா, ஒரு ஜட்கா கூட்டிண்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

ஜெயாவின் கண் பிழைத்தது. என் நினைவில் நிற்பது என்னவோ அந்த ஜட்காதான். அக்கா குழந்தையோடு முதலில் ஏறி உட்கார்ந்தாள். அத்திம்பேர் ஏறி, வழக்கம்போல அவளுக்கு வலது பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடித்துவிட்டான். "நில்லு" என்றாள் அக்கா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவர் முகத்தைப் பார்க்காமலேயே, அவருடைய வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.