பார்க்க மட்டும் வத்தாளங்கொடி

ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இங்கே வத்தாளங்கொடியை, அதுதான் சர்க்கரைவள்ளிக்கொடியை, தொட்டியில் நட்டு, அழகுக்காக வாசலில் தொங்க விடுகிறார்கள். கிளிப்பச்சை இலையில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிச் சீராட்டிவிட்டு, பனி விழுமுன் கிழங்கோடு பிடுங்கிக் கடதாசிப் பையில் கட்டித் தெருவோரம் வைத்துவிடுவார்கள். குப்பை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். டொராண்டோவுக்கு வந்த முதல் வருஷம் அதைப் பார்த்து எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எல்லாம் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை, இன்றைக்கும் எரிகிறது.

என் வாசலிலும் ஒரு தொட்டி உண்டு. பக்கத்து வீட்டு டோரத்தி ஆசையாகக் கொடுத்தது. போன கோடையில் ஒருநாள் அதன் கொழுந்தைக் கிள்ளி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள். சோற்றுக்குக் கீரையாகச் சுண்டப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “ஓ டியர்” என்றாள். சாயந்தரம் ஒரு பெட்டி நிறைய டின் சாப்பாட்டோடு வந்து கதவைத் தட்டினாள். கஷ்டம் என்றால் வெட்கப்படக் கூடாதாம். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற ஃபுட் பேங்க் எங்கே இருக்கிறது என்று கடதாசித் துண்டில் எழுதியும் கொண்டு வந்திருந்தாள்.

“நோ ஹங்ரி! ஐ லைக்!” என்று கத்திவிட்டேன். பாவம், பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவைப் படாரென்று சாத்தினேன். அவள்மேல் எனக்கென்ன கோபம்? அது வேறு ஒருவனுக்குச் சேரவேண்டிய கோபம்.

மாத்தளையில், பலாபத்வலைக்கு மேலே அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டம். கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் தன் கைக்கு எடுத்துக்கொண்ட காலம் அது. அரிசி இல்லை, கோதுமை மா இல்லை, வேலையும் பாதி நாள்தான். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு அம்மா வத்தாளங்கொடி நட்டாள். எனக்கும் தங்கச்சிக்கும் அந்த இலைதான் பகல் சாப்பாடு. தோட்டத்து மண்ணில் தேயிலை தவிர எதுவும் நடக் கூடாது என்று தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை உத்தரவு போட்டிருந்தான். அதனால் ஜீப் சத்தம் கேட்டால், கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அம்மா அவிழ்த்துக் கொடிமேல் விரித்துவிடுவாள். பார்ப்பவர்களுக்குக் காயப்போட்ட சாக்கு. கிழங்கு விழும்வரை இப்படியே ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

ஒருநாள் காற்றில் சாக்கு விலகிவிட்டது. துரை ஜீப்பை நிறுத்தி இறங்கினான்.

“இது ஒங்கப்பன் வீட்டு நெலமா? புடுங்கு!”

“தேயிலய நான் தொடலீங்க தொரை,” என்றாள் அம்மா. “சும்மா கெடந்த கான் ஓரங்க. இன்னும் பத்து நாள் பொறுத்தா கெழங்கு வந்துருங்க. சின்னப்புள்ளைங்க இருக்குதுங்க.”

அவள் கையாலேயே பிடுங்க வைத்தான். விரல் மொத்தத்தில் பிஞ்சுக் கிழங்குகள். அதையாவது விட்டானா, படுபாவி? கொடியோடு ஜீப்பில் அள்ளிப்போட்டுப் பங்களா மாட்டுக்குக் கொண்டுபோனான். அதே பங்களா வாசலில் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றவே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தது. தங்கச்சி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வயிற்றோட்டம் என்று மரணத் துண்டில் எழுதினார்கள். பட்டினி என்று எழுத ஒருத்தனுக்கும் கை வரவில்லை. நாசமாய்ப் போக!

மறுநாள் டின் பெட்டியை டோரத்தியிடம் திருப்பிக் கொடுத்தேன், கூடவே ஒரு கிண்ணம் தேங்காய்ப்பூ போட்ட வத்தாளங்கீரைச் சுண்டலும். நின்றபடியே சாப்பிட்டு, “குட்” என்றாள். தங்கச்சியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவ்வளவு இங்கிலீஷ் என்னிடம் இல்லை.

இந்த வருஷம் தமிழ்க்கடையில் கிழங்கு வாங்கி, முளைக்க வைத்து, வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். இது தின்பதற்கு. சொந்த வீடு, உறுதிப் பத்திரம் என் பெயரில். ஒருத்தனும் வந்து பிடுங்கச் சொல்ல முடியாது. ஆனாலும் தெருமுனையில் குப்பை லொறி திரும்புகிற சத்தம் கேட்டால், கொடிக்கு நடுவில் நிற்கிற என் கை இடுப்புக்குப் போகிறது, படங்கை அவிழ்க்க.