காந்தம் ஒட்டிய பட்டாள ஜீப்

இன்று குருபோங்கில் ஒரு பழைய பட்டாள ஜீப்பைப் பார்க்கப் போனேன்.

"மெர்டேக்கா காலத்து வண்டிண்ணே, சுதந்திரம் கெடைச்சப்ப வந்தது. அப்படியே ஒரிஜினல்," என்றார் விற்பவர்.

அந்த ரக வண்டிக்கு உடம்பு அலுமினியம், காந்தம் ஒட்டாது. சட்டைப்பையில் இருந்த காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். பச்சக்கென்று ஒட்டியது.

"கதவு மட்டும் மாத்துனதுண்ணே."

எஞ்சின் மேல்மூடியிலும் ஒட்டியது.

"அதுவுந்தாண்ணே."

"அப்ப எதுய்யா ஒரிஜினல்?"

வண்டியின் பதிவு அட்டையை எடுத்து நீட்டினார். "கெரான் ஒரிஜினல்ண்ணே, சத்தியமா!"

வாங்காமல் காஜா பெராங்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

வாசலில் அதே ரகத்தில் என் ஜீப் நிற்கிறது. போன வருடம் அதே ஆளிடம் வாங்கியது. அப்போது இந்தக் காந்தச் சோதனை எனக்குத் தெரியாது.

காந்தம் இன்னும் பையில்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் வைத்துப் பார்ப்பீர்களா?