முதல் இருபது விநாடி

சித்தூரில் லோக்கல் கேபிள் சேனலுக்கு இருபத்தைந்து வருடம் கேமரா தூக்கியவன் நான். பெரிய சேனல்கள் திரும்பிக்கூடப் பார்க்காததையெல்லாம் நாங்கள் காட்டினோம். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் ஏலம், கங்கம்மா ஜாத்திரை, பள்ளி ஆண்டு விழா, தண்ணீர் கேட்டுக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள், யாரோ ஒரு தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த கழிப்பறை. சேனலை மூடியபோது கேசட்டுகளைக் குப்பையில் கொட்டப் போனார்கள். மனசு கேட்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

"கீறதே ஒண்ணர ரூமு. நாம எங்க படுத்துக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் அவளே அடுக்கியும் வைத்தாள்.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போன வருடம் திருப்பதியிலிருந்து ஒரு ஆவணக் காப்பகத்தார் தேடிக்கொண்டு வந்தார்கள். பழைய சினிமா, டிவி படங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறவர்கள். அவர்கள் தந்த கடிதத்தில் நாட்டின் வாழ்க்கை, பண்பாடு என்றெல்லாம் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டின் பண்பாடு என் கட்டிலுக்கு அடியில் கரப்பான் பூச்சியோடு கிடந்தது. ஒரு பிளேயரும் கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். கேசட்டை ஓட்டி ஃபைலாக மாற்ற வேண்டும். எந்த இடம், யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஃபாரம் நிரப்ப வேண்டும். தலையிலும் வாலிலும் இருக்கும் வீண் பகுதியை வெட்டிவிட வேண்டும். கேசட்டுகள் அவர்களுக்கு வேண்டாம், ஃபைல் போதும்.

ஃபைல்களை அங்கே சரிபார்ப்பவள் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிற ஒரு பெண். அவள் பேச்சில் என் மனைவியின் நகரிப் பக்கத்துச் சாயல் இருக்கும். அதற்காகவே இல்லாத சந்தேகத்தையெல்லாம் உண்டாக்கிக்கொண்டு போன் செய்வேன். அவளும் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள்.

காலையில் காபி குடித்ததும் உட்கார்ந்தால் வீட்டில் ஊரே கூடிவிடும். நாதஸ்வரம், மண்டிக்காரர்களின் தெலுங்குக் கூச்சல், மைக்கில் யாரோ வாழ்க வாழ்க என்பது. "இன்னா சார், வூட்ல விசேஷமா?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்.

திரையில் தெரிகிற முகங்களில் பாதியை எனக்குத் தெரியும். செத்துப்போனவர்கள்கூட ஜாத்திரையில் வேப்பிலையை வைத்துக்கொண்டு ஆடினார்கள். இவ்வளவு பேர் இருக்கிறார்களே, அவளும் எங்காவது இருக்க மாட்டாளா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தேடினேன். இல்லை. எப்படி இருப்பாள்? கேமராக்காரன் பெண்டாட்டிதான் தினமும் டிவியில் வருகிறாள் என்று ஊர் பேசக்கூடாது என்பது என் சட்டம். ஒருமுறை பொங்கல் பானையோடு அவள் ஃப்ரேமுக்குள் வந்தபோது கேமராவையே நிறுத்திவிட்டேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? போட்டோ ஒன்று சுவரில் மாலையோடு தொங்குகிறது. அசைகிற படம், பேசுகிற படம் ஒன்றுகூட இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெட்டச் சொன்ன வீண் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கேமராவுக்கு எது வெள்ளை என்று முதலில் நாம் காட்டித் தர வேண்டும். காட்டாவிட்டால் கல்யாணப் பெண் நீலமாகத் தெரிவாள். கேசட்டின் ஆரம்பம் சீக்கிரம் கசங்கும் என்பதால் முதல் இருபது விநாடியை நாங்கள் வீணாகத்தான் ஓடவிடுவோம். அந்த நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் வெள்ளைக் காகிதத்தைக் காட்டி நிறத்தைச் சரிசெய்துகொள்வேன். அதனால் எல்லாக் கேசட்டும் வெறும் வெள்ளையில்தான் தொடங்கும். கம்ப்யூட்டரில் வெள்ளை தெரிந்ததும் சத்தத்தைக்கூட வைக்காமல் இழுத்து வெட்டிவிடுவேன். மாற்றி முடித்த கேசட்டுகளை மூட்டை கட்டிப் பழைய சாமான் கடையில் போட்டேன். இடம் காலியாகிறதே என்று சந்தோஷமாகத்தான் போட்டேன். மூன்று மூட்டை.

ஒரு பகலில் வேலைக்கு நடுவே கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, சத்தம் வைத்திருப்பதைக் கவனிக்காமல் டம்ளர் கழுவப் போனேன். முதுகுக்குப் பின்னால் அவள் கேட்டாள்.

"ஆச்சா?"

டம்ளர் கைநழுவித் தொட்டியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். திரையில் வெள்ளை.

"இரு. ஆட்டாத," என்றது என் குரல்.

"கை நோவுது."

"இருன்னா இரு."

கேமரா சட்டென்று விழா மண்டபத்துப் பக்கம் திரும்பிவிட்டது. நான் மறுபடி ஓட்டினேன். வெள்ளையின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு நகரியில் பவர்லூம் தறியில் அடிபட்ட விரல் அது.

எப்படி மறந்தேன்? ஓய்வு நேரத்தில் நான் வீடியோ எடுக்கப் போகும் கல்யாண வீடுகளில் பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் அறைக்குள் ஆம்பளை தனியாகப் போக முடியாது என்று அவளை மொபெட்டில் கூட்டிப்போகத் தொடங்கியவன் நான்தான். பிறகு சேனல் வேலைக்கும் வந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெட்கம் அவளுக்கு. தாள் இறங்குவதற்குள் நானும் கேமராவைத் திருப்பிவிடுவேன். ஊரையெல்லாம் சேர்த்துவைத்துவிட்டு, எந்த இடத்தில் அவள் இருந்தாளோ அதை மட்டும் என் கையாலேயே தேடித் தேடி வெட்டியிருக்கிறேன்.

பழைய சாமான் கடைக்கு ஓடினேன். மூட்டைகள் அந்த வாரமே சென்னைக்குப் போய் அரைபட்டிருக்கும் என்றான் கடைக்காரன். அவனோடு சண்டை பிடிக்கலாமா என்று பார்த்தேன். எதைச் சொல்லிப் பிடிப்பது? வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கட்டிலுக்கு அடியில் பத்தொன்பது கேசட் மீதி இருந்தது. சிலதில் பூஞ்சை. ஓடினவரைக்கும் ஓட்டினேன். பதினொன்றில் அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் அதே "ஆச்சா?"தான். ஒன்றில் தும்மல். ஒன்றில் யாரையோ பார்த்து வாய்க்குள் சிரிப்பு. ஏன் சிரித்தாள் என்று கேட்க இனி ஆளில்லை. நான் எல்லாவற்றிலும் "இரு" என்கிறேன். ஒரு கேசட்டில்கூட "ஆச்சு" என்று சொல்லவில்லை.

பதினொன்றையும் வெட்டாமல் திருப்பதிக்கு அனுப்பினேன். எனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். நான் போன பிறகு அதை யார் வைத்துக்கொள்வார்கள்? ஊர் முழுக்க இருக்கிற இடத்தில் அவளும் இருக்க வேண்டும் என்று பட்டது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"சார், இந்த தபா எல்லாத்துலயும் ஸ்டார்ட்டிங்ல வெள்ளையா வருது. மறந்துட்டீங்களா? நானே கட் பண்ணிடட்டா?"

"வேணாம்மா."

"காலியா கீற ஃப்ரேம வெக்கக்கூடாதுன்னு ரூல் கீது சார்."

"காலி இல்லம்மா. ஆளு கீது. சத்தம் வெச்சிக் கேளு."

காத்திருந்தேன். திருப்பதியிலிருந்து போன் வழியாக, சின்னதாக, "ஆச்சா?" என்று கேட்டது. பின்னாலேயே என் எரிச்சல் குரல்.

"யாரு சார் இவங்க?"

"என் சம்சாரம்."

அவள் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "மூஞ்சே தெரியலியே சார்," என்றாள்.

"தெரியாதும்மா. பேப்பருக்குப் பின்னால கீறா."

"ஆளு கீதுன்னா கட் பண்ண மாட்டாங்க சார். ஆனா ஃபாரம் ஃபில் பண்ணணும். யாருன்னு எழுதிட்டேன். இன்னா பண்றாங்கன்னு போடட்டும்?"

அவள் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது.

"நின்னுக்கினு கீறான்னு போடும்மா," என்றேன். "நான் இன்னும் ஆச்சுன்னு சொல்லல."